எண்ணெய் இறங்கக் காத்திருந்த வீடு

தலைக்கு மேலே ஏரோப்ளேன் போனால் நான் இன்றைக்கும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கழுத்துப் பிடிப்பு என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். என் கழுத்து கோழிக் கழுத்து மாதிரி எந்தப் பக்கமும் திரும்பும். வெட்கம்தான் அதைத் திரும்ப விடுவதில்லை.

அது சூயஸ் கால்வாயை அடைத்த வருஷம். அந்தக் கால்வாய் எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து மேற்கே வெகுதூரம் என்று மட்டும் கேள்வி. அவ்வளவு தூரத்தில் கிடக்கிற ஒரு வாய்க்காலை யாரோ அடைத்ததற்கு, என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுப் புளி அறையில் ஒளிந்து உட்கார வேண்டி வந்தது. கேட்டால் கதை மாதிரி இருக்கும். கூட இருந்தவளுக்கு அப்படி இல்லை.

எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம். கோட்டையின் இடிந்த மதிலுக்கு எதிரே வீட்டுக்காரர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பிரேக் பிடிக்கிற சைக்கிளுக்கு பெல் இருக்காது, பெல் அடிக்கிற சைக்கிளுக்கு பிரேக் இருக்காது. ஆளுக்கு எது அவசியமோ அதை எடுத்துக்கொண்டு போவார்கள். வீட்டில் நான், அவர், அவருடைய உம்மா, மூன்றே பேர். உம்மாவை நான் மாமி என்பேன். மாமி சொன்னால் அந்தத் தெருவில் கோழி கூட மறுத்துப் பேசாது.

வீட்டுக்காரரின் அண்ணன் சிங்கப்பூரில் ஒரு சோற்றுக்கடை வைத்திருந்தார். அவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது என்று கடிதம் வந்தது. தம்பி வந்து கல்லாவில் உட்கார்ந்தால் கடை நம்முடையது, அடுத்த மாசக் கடைசிக்குள் வராவிட்டால் கூட்டாளி எடுத்துக்கொள்வான், பேச்சு அப்படி என்று யாரையோ வைத்து எழுதியிருந்தார். பாஸ்போர்ட்டு, பர்மிட்டு எல்லாம் முன்பே தயாராகத்தான் இருந்தன. ஆனால் கப்பலை நம்பினால் மாசம் தாண்டிவிடும். ஏரோப்ளேன்தான் வழி.

எங்கள் தெருவில் அதுவரை யாரும் ஏரோப்ளேனில் ஏறியதில்லை. வீட்டுக்காரர் மெட்ராஸ் போய் டிக்கெட் விலை கேட்டுக்கொண்டு வந்தார். அந்த விலையைக் கேட்டதும் மாமி முதலில் சுவரைப் பார்த்தார். பிறகு எழுந்து என் காதைப் பார்த்தார். காதில் வரிசையாகத் தொங்கிய என் அலுக்கத்து போயிற்று. வளையல் போயிற்று. சைக்கிள்களைத் திருக்கழுக்குன்றத்து ஆள் ஒருவர் பெல்லோடும் பெல் இல்லாமலும் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார். கழுத்தில் கருகமணி மட்டும் மிச்சம். எல்லாம் சேர்ந்து டிக்கெட் விலைக்குச் சரியாக வந்தது. அல்லாவே அளந்து கொடுத்த மாதிரி இருக்கிறது என்று மாமிக்குப் பெருமை.

இங்கேதான் எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கடல் கடந்து பிழைக்கப் போவதை நாங்கள் சபர் என்போம். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சபர் போனவர்தான். எல்லாரும் கப்பலில் போனவர்கள். கப்பலின் மேல்தளத்து டிக்கெட் விலை என் மாமனார் காலத்திலிருந்து எல்லாருக்கும் மனப்பாடம், அது ஏறாது, இறங்காது. அதனால் எங்களுக்கு முதலில் விருந்து, ஃபாத்திஹா, வழியனுப்பல். அதற்குப் பிறகுதான் மெட்ராஸ் போய் டிக்கெட். டிக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஃபாத்திஹா ஓதுவது ஆண்டவனை நம்பாத வேலை என்பார் மாமி. நல்ல நாள் பார்க்கிறேன் என்று மாமி இன்னும் சில நாள் தள்ளினார். ஏரோப்ளேன் டிக்கெட்டுக்கும் அதே வழக்கம்தான் செய்தோம். ஆகாயத்தில் போனாலும் சபர் சபர்தானே.

விருந்து பெரிய விருந்து. நெய்ச்சோறு. தெருவே வந்தது. சிங்கப்பூரில் பிள்ளை உள்ளவர்கள் எல்லாரும் பொட்டலம் கொண்டு வந்து கொடுத்தார்கள். கருவாடு, எலுமிச்சை ஊறுகாய், பிள்ளை பெற்றவளுக்கு மருந்துப் பொடி. எதிர்வீட்டுப் பெரியம்மா ஒரு தகர டப்பா நிறைய அதிரசம் சுட்டுக் கொண்டு வந்தார்கள். அவர்களுடைய ஒரே மகன் சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்தான். போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது.

"மருமவனே, கப்பல்ல அனுப்புனா பூஞ்சக்காளான் புடிச்சுப் போவுது. நீ பறந்து போற. சூடு ஆறதுக்குள்ள அவன் கையில குடுத்துரு" என்றார்கள்.

மாமி பச்சைத் துணியில் காசு முடிந்து மகனின் புஜத்தில் கட்டினார். போய்ச் சேர்ந்த ஊரில்தான் அதை அவிழ்க்க வேண்டும். வாசற்படி தாண்டிவிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மாலையும் கழுத்துமாக பஸ் ஏறினார். பஸ் புறப்பட்டபோது நான் அழுதேன். காதில் ஒன்றும் இல்லாததால் அழும்போது தலை லேசாக இருந்தது.

இரண்டாம் நாள் மஃரிப் நேரம். ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தார்கள். பெண்கள் உள்ளே விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கொல்லைக் கதவை யாரோ நகத்தால் சுரண்டினார்கள். ஆடு என்று நினைத்துக் கம்போடு போனேன். புஜத்தில் பச்சைத் துணியும் தலையில் பெட்டியும் கையில் அதிரச டப்பாவுமாக என் வீட்டுக்காரர் நின்றார்.

"ஏரோப்ளேன் போய்ட்டு வந்துருச்சா" என்று கேட்டேன். சத்தியமாக வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அவரைப் புளி அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியபின் விஷயம் வந்தது. டிக்கெட் ஆபீஸில் விசிறிக்குக் கீழே கால்சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தாராம். இவர் கொடுத்த பணத்தைப் பார்த்துவிட்டு, இது பழைய விலை என்றாராம்.

"ஏன்னு கேட்டேன். எண்ணெ ஏறிடுச்சுன்னாரு. நான் எண்ணெ வாங்க வரலீங்க, டிக்கெட்டு வாங்க வந்தேன்னேன். அவரு சிரிச்சாரு."

"சிரிப்பான் சிரிப்பான். மேல சொல்லு" என்றார் மாமி.

"எண்ணெக் கப்பலு வர்ற கால்வாய அடைச்சுட்டாங்களாம். கப்பலு ஊரச் சுத்தி வருதாம். சுத்தி வந்தா கூலி ஏறுமா இல்லியா. எண்ணெ வெல ஏறிடுச்சு. ஏரோப்ளேனு ஆளு இருந்தாலும் குடிக்குமாம், ஆளு இல்லாட்டியும் அதே எண்ணெயக் குடிக்குமாம். அப்போ ஏறுன வெலய, ஏறுற ஆளுங்க தலமேலதான பங்கு போடணும். நம்ம குர்பானி மாட்டுக்குப் பங்கு போடற மாதிரிதாம்மா. மாடு வெல ஏறிச்சுன்னா பங்கும் ஏறுதில்ல."

மாமி யோசித்தார். "நம்ம வூட்டு வெளக்குக்குக் கூடத்தான் எண்ணெ ஏறிச்சு. அதுக்குன்னு வெளிச்சத்துல வந்து உக்காந்தவங்க கிட்ட துட்டு கேட்டமா?"

அதற்குக் கால்சட்டைக்காரரிடம் கூடப் பதில் இருந்திருக்காது.

பற்றாமல் போன தொகை ஒரு கறவை மாட்டின் விலை. எங்களிடம் மாடும் இல்லை, விற்க வேறு ஒன்றும் இல்லை. தெருவில் கேட்கலாம். ஆனால் தெருதான் முந்தாநாள் நெய்ச்சோறு தின்றுவிட்டு மாலை போட்டு அனுப்பியிருக்கிறது. அப்படி அனுப்பப்பட்டவன் திரும்பி வந்துவிட்டான் என்றால் அது சகுனக்கேடு மட்டும் இல்லை, சிரிப்பு. எங்கள் தெருவில் சகுனக்கேட்டுக்கு மருந்து உண்டு, ஓதி ஊதிவிடுவார்கள். சிரிப்புக்கு ஒன்றும் கிடையாது.

மாமி அன்றைக்கே தீர்ப்பு சொன்னார். "நீ வாசல் வழியா வரல. கொல்ல வழியா வந்தே. அப்போ திரும்பி வந்ததா கணக்காவாது. நீ இன்னும் சபர்லதான் கீறே. பச்சத் துணிய அவுக்காத. எண்ணெ எறங்கிடும். எறங்குன அன்னிக்கு, வந்த வழியே போய் டிக்கெட்டு வாங்கிக்க."

"எறங்கலன்னா?"

"ஏறுனது எறங்கித்தானடா ஆவணும். தென்ன மரத்துல ஏறுனவன் அங்கியேவா குடித்தனம் பண்றான்?"

இப்படியாக என் வீட்டுக்காரர் தன் வீட்டிலேயே சபர் போனார். சபரில் இருப்பவருக்குத் தொழுகையில் சுருக்கம் உண்டு. அந்தச் சலுகையை மட்டும் அவர் முதல் நாளே எடுத்துக்கொண்டார்.

எண்ணெய் இறங்கிற்றா என்று பார்த்து வருவது என் வேலை. ஏரோப்ளேன் எந்த எண்ணெய் குடிக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்குத் தெரிந்தது விளக்குக்கு ஊற்றுகிற கிருஷ்ணாயில். கிருஷ்ணாயில் இறங்கினால் ஏரோப்ளேனும் இறங்கும் என்று மாமி கண்டுபிடித்தார். நான் தினமும் காலையில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கடைக்குப் போவேன்.

"அண்ணாத்த, கிருஷ்ணாயிலு இன்னா வெல?"

"நேத்து வெலதான்."

"எறங்கலியா?"

"எறங்கலம்மா."

திரும்பி வந்துவிடுவேன். நாலைந்து நாள் இப்படிப் போனபின் கடைக்காரர் புனலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, தெனம் வெல கேக்கற. ஒரு தபா கூட புட்டிய நீட்ட மாட்டேன்ற. கிருஷ்ணாயிலு கடயா வைக்கப் போற?"

"இல்ல அண்ணாத்த. சும்மா தெரிஞ்சிக்கலாம்னு."

"சூயஸ் தெறந்தா சொல்லி அனுப்பறேன், நீ வூட்லியே இரு" என்றார். பின்னால் நின்றவர்கள் இருமினார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சளி பிடித்திருந்தது. அது ஏன் என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

அதைவிடப் பெரிய கொடுமை ஏரோப்ளேன். எங்கள் ஊருக்கு மேலே கடலோரமாகப் பகலில் ஒன்று தெற்கே போகும். முன்பெல்லாம் அதை யாரும் சட்டை செய்ததில்லை. இப்போது சத்தம் கேட்டதும் தெருப் பெண்கள் என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"ஓடியா ஓடியா, உன் மச்சான் போன ஏரோப்ளேனு வருது பாரு."

நான் போய் வாசலில் நிற்க வேண்டும். கையை ஆட்ட வேண்டும். எதிர்வீட்டுப் பெரியம்மா பக்கத்தில் நின்று என் முழங்கையைப் பிடித்து உயர்த்திவிடுவார்கள். "நல்லா மேல தூக்கி ஆட்டு பொண்ணே. அவ்ளோ ஒசரத்துல இருந்து கண்ணு தெரிய வேணாவா?" நான் அண்ணாந்து கை ஆட்டுவேன். எனக்குப் பின்னால் புளி அறையில் ஓட்டு இடுக்கு வழியாக வீட்டுக்காரரும் அதே ஏரோப்ளேனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எதற்காகப் பெருமூச்சு விட்டாரோ, அது எனக்கு முதுகில் கேட்கும். ஒருநாள் மாமியும் வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் நிஜம்தான். வேறு காரணம், அவ்வளவுதான்.

அது கொழும்பு ஏரோப்ளேன் என்று பின்னால் தெரிந்தது. சிங்கப்பூருக்குப் போவது எங்கள் பக்கமே வராதாம். அத்தனை நாள் ஆட்டிய கையும் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது.

சாப்பாட்டுக் கஷ்டம் வேறு. மாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இரண்டு பேருக்குத்தான் உலை வைக்க வேண்டும், அரிசி களைந்த தண்ணீரைப் பார்த்தே எத்தனை பேர் என்று சொல்கிற தெரு இது என்று. நானும் மாமியும் சாப்பிடுவதில் பாதி எடுத்து வைப்போம். வீட்டுக்காரர் சைக்கிள் மிதித்து வளர்ந்த உடம்பு. அரைச் சோற்றில் எத்தனை நாள் இருப்பார்? நான் ஒருநாள் பாய் எடுக்கப் புளி அறைக்குள் போனேன். அதிரச டப்பாவின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே எண்ணெய்க் கறையும் இரண்டு எள்ளும் இருந்தன.

"மச்சான், இது பெரியம்மா மவனுக்குக் குடுத்தனுப்புனது."

"தெரியும்."

"நாலு வருசமா அந்தப் புள்ள அதிரசம் துன்னலியாம்."

"நான் நாலு நாளா சோறு துன்னல" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "பூஞ்ச புடிச்சிடும்ல" என்று மெதுவாகச் சொன்னார். அவர் மீசை நுனியில் ஒரு எள் இருந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் சத்தம் போட முடியாது. அவர் மீசையைத் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே பெரியம்மா வந்தார்கள். எப்போதும் கூடத்தில் உட்காருகிறவர்கள் அன்றைக்கு எதற்கோ புளி அறைக் கதவுக்குப் பக்கத்தில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"போய்ச் சேந்துருப்பாரு இல்ல உன் மச்சான்?"

"சேந்துருப்பாரு பெரியம்மா."

"என் புள்ள கையில அதிரசத்தக் குடுத்துருப்பாரு இல்ல?"

நான் மாமியைப் பார்த்தேன். மாமி வெற்றிலையைப் பார்த்தார். "குடுத்துருப்பாரு" என்றேன். ஊரில் எத்தனையோ விதமாகத் தலைகுனிந்திருக்கிறேன், நகை இல்லாத காதோடு கல்யாண வீட்டில் நின்றிருக்கிறேன். அந்த ஒரு 'குடுத்துருப்பாரு' மாதிரி எதுவும் இல்லை. பெரியம்மா என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

மாசக் கடைசி நெருங்கிக்கொண்டே வந்தது. சிங்கப்பூர் ஏரோப்ளேன் வாரத்துக்கு ஒன்றுதான். ஒன்று போயிற்று. கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. அதை விட்டால் கடை கூட்டாளிக்கு. கிருஷ்ணாயில் மட்டும் இறங்குவதாக இல்லை. கடைசி ஏரோப்ளேன் போகிற அன்று காலையில் கூட நான் கடைக்குப் போய் விலை கேட்டேன். அன்றைக்குக் கடைக்காரர் கிண்டல் செய்யவில்லை. "எறங்கலம்மா" என்று மட்டும், துக்க வீட்டில் சொல்கிற மாதிரி சொன்னார்.

வழியில் மீன்காரக்கா கூடையோடு எதிரே வந்தார். குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு அவர்தான் வாடிக்கை. கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை வழிமறித்தார்.

"பாயம்மா, ஒன்னு கேக்கறேன், கோச்சுக்காத. பாயி ஏரோப்ளேன் ஏறலியா?"

"ஏறி எத்தினியோ நாளாச்சேக்கா."

"அட, என்கிட்டியேவா. பஸ்ஸு கண்டக்டரு மறுநா விடிகாலயே கொப்பத்துல வந்து சொல்லிட்டாரு. மாலயோட போன பாயி பொட்டியோட வந்து எறங்கிகினாரு, தோப்புல பூந்து கொல்லப் பக்கம் போனாருன்னு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "தெருவுல யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்குத் தெரியாதுன்னு கேளு. நீ ரெண்டு பேருக்கு மீனு கேட்டே. நான் மூணு பேருக்குப் போட்டுகினு இருந்தேன். ஒரு நாளாவது கூட இருக்கேன்னு கேட்டியா நீ?"

இல்லை. அந்த வாரம் மீன் கொஞ்சம் மலிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வீட்டுக்கு நடந்தேனா ஓடினேனா தெரியாது. கிருஷ்ணாயில் கடையில் இருமியவர்கள், என் முழங்கையைத் தூக்கிவிட்ட கை, ஓடியா ஓடியா என்று கூப்பிட்ட குரல்கள், எல்லாம் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன. வீட்டுக்குள் நுழைந்தால் பெரியம்மா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்கள், அதே புளி அறைக் கதவோரம். மாமி எதிரே கல்லாகச் சமைந்திருந்தார். பெரியம்மா கதவை விரலால் தட்டினார்கள்.

"மருமவனே, அதிரசத்துல வெல்லம் கொஞ்சம் கம்மியோ?"

பெரியம்மா காத்திருந்தார்கள். நான் துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"சரியாத்தான் இருந்துச்சு பெரியம்மா" என்றது கதவு.

பெரியம்மா சிரித்த சிரிப்பில் வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். புளித்தூசி படிந்த தலை, புஜத்தில் அழுக்கேறிய பச்சைத் துணி, வெளிச்சம் தாங்காத கண். தெருவே உள்ளே வந்தது. ஒருத்தி கேட்டாள், "அண்ணே, சிங்கப்பூர்ல இன்னா வாங்கியாந்தீங்க?" இன்னொருத்தி, "எனக்கு வாசனை சோப்புண்ணே, வேற ஒன்னும் வேணாம்" என்றாள். "ஏரோப்ளேன்ல புளி வாசன வீசுமாமே, நெசமா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். அந்த மாமியை அப்படி நான் பார்த்ததே இல்லை.

சிரிப்பு அடங்கியபின் பெரியம்மா என்ன ஏது என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் கால்வாயிலிருந்து குர்பானி மாடு வரைக்கும் மறுபடி சொன்னார். பெரியம்மா எவ்வளவு குறைகிறது என்றார்கள். சொன்னார். அவர்கள் தன் கையிலிருந்த காப்பைப் பார்த்தார்கள், திருகிப் பார்த்தார்கள்.

"இவ்ளோதானா? இதுக்கா பொந்துல பூந்த எலி மாதிரி கெடந்தே? வந்த அன்னிக்குச் சொல்லி இருந்தா இத்தக் கழட்டிக் குடுத்துருப்பேனே. நாலு வூட்ல வாங்குனா ராவோட ராவா சேந்துருக்கும். போ, இப்பவே கெளம்பு."

காப்பு கழன்று அவர்கள் உள்ளங்கையில் இருந்தது. வீட்டுக்காரர் அதை வாங்கவில்லை. "இன்னிக்குக் காலயோட கடசி ஏரோப்ளேனு போயிடுச்சு பெரியம்மா" என்றார்.

வாசலில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எங்களுக்கு இருந்த அதே வெட்கம் அவர்கள் முகத்திலும் வந்து உட்கார்ந்தது. விளையாட்டாக விட்டுப் பிடிக்கலாம், தானாக வாய் திறப்பார்கள் என்று அவர்கள் காத்திருந்திருக்கிறார்கள். நாங்கள் எண்ணெய்க்குக் காத்திருந்தோம். இரண்டு பக்கமும் காத்திருந்ததில் ஏரோப்ளேன் போய்விட்டது.

பெரியம்மா மெதுவாகக் காப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார்கள். "எண்ணெ ஏறிச்சு, சரி" என்றார்கள் மாமியிடம். "வாயுமா ஏறிப்போச்சு? தெறக்கவே இல்லியே." மாமி சுவரைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார்.

அன்று மாமிதான் பச்சைத் துணியை அவிழ்த்தார். உள்ளே இருந்த காசை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சபர் முடிந்தால் தருமம் செய்ய வேண்டும். இந்தச் சபர் முடிந்ததா, தொடங்கவே இல்லையா? கடைசியில் அதற்கு வெல்லம் வாங்கினோம். பெரியம்மாவுக்குப் பதில் அதிரசம் நான் சுட்டேன். அதுவும் எண்ணெயில்தான் வேக வேண்டியிருந்தது.

கடை கூட்டாளிக்குப் போயிற்று. டிக்கெட்டுக்கு வைத்த பணம் அண்ணனின் வைத்தியத்துக்குப் போயிற்று. கால்வாய் பிறகு திறந்ததாகச் சொன்னார்கள். கிருஷ்ணாயிலும் கொஞ்சம் இறங்கிற்று. கடைக்காரர் சொன்ன சொல் தவறாமல் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறு வருஷம் அண்ணன் கப்பலில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஏரோப்ளேன் டிக்கெட் இறங்கிவிட்டதா என்று மாமி அவரிடம் கேட்டதுதான் முதல் கேள்வி.

"அது எப்பிடிம்மா எறங்கும்" என்றார் அவர். "எண்ணெதான் எறங்குச்சு."

மாமி அதற்குப் பிறகு தென்னை மரத்தைப் பற்றிப் பேசியதில்லை.

எங்கள் வீட்டுக்கு மட்டும் 'சிங்கப்பூரு வூடு' என்று பேர் நின்றுவிட்டது. முதலில் கேலிக்கு வைத்த பேர். வைத்தவர்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் அதை நிஜம் என்று நினைத்துக்கொண்டு சொன்னார்கள். என் மகளைப் பெண் பார்க்கக் கருங்குழியிலிருந்து வந்தவர்கள் அந்தப் பேரைக் கேட்டுத்தான் வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா தேநீரை உறிஞ்சிக்கொண்டே சுவரையும் கூரையையும் நோட்டம் விட்டார். சிங்கப்பூர் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடினார் போல.

"சிங்கப்பூர்ல இன்னா யாவாரம் பண்ணீங்க?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

வீட்டுக்காரர் புளி அறைக் கதவைப் பார்த்தார். நான் அடுப்படி வாசலில் நின்று தரையைப் பார்த்தேன். காது சுட்டது. பல் எல்லாம் போன பெரியம்மா மூலையில் உட்கார்ந்து அதிரசத்தை ஊறவைத்து ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள்தான் வாயைத் திறந்தார்கள்.

"எண்ணெ வெல ஏறிச்சா, அதோட உட்டுட்டாங்க" என்றார்கள்.

வந்தவர் புரிந்துகொண்ட மாதிரி தலையை ஆட்டினார். "எண்ணெ யாவாரமா. அது அப்பிடித்தான், கைய சுட்டுரும்."

அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. பெரியம்மா என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்கள். நான் துப்பட்டியைக் கண் வரைக்கும் இழுத்துக்கொண்டு இன்னும் ஒரு தட்டு அதிரசம் எடுத்து வர உள்ளே போனேன். போனவள் புளி அறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.